மருந்து கையிலிருக்க மூச்சு நின்றால் யார் ஜவாப்தாரி?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2022-ம் வருஷத்தில் மட்டும் போதை வஸ்துக்களை அளவு மீறி உட்கொண்டு மாண்டவர்கள் சுமார் 1,08,000 பேர். வியத்நாம் யுத்தம் முழுவதிலும் அந்தத் தேசம் பறிகொடுத்த சிப்பாய்களின் தொகை 58,000-க்குச் சற்று அதிகம். பல வருஷங்கள் நடந்த ஒரு யுத்தத்தின் நஷ்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒரே வருஷத்தில், பீரங்கிச் சத்தமில்லாமல், வீட்டு ஸ்நான அறைகளிலும் மோட்டார் வண்டிகளின் பின்னாசனங்களிலும் நேர்ந்திருக்கிறது. 2024-ல் இந்தத் தொகை சுமார் 80,000-ஆகக் குறைந்ததென்று தற்காலிகக் கணக்குகள் கூறுகின்றன. குறைந்தது சந்தோஷமே. ஆனால் 80,000 என்பதும் ஒரு பட்டணத்தின் ஜனத்தொகை என்பதை மறந்து விடலாகாது.

2022-ல் மாண்டவர்களில் சுமார் நாலில் மூன்று பங்கினர் அபினி வர்க்கத்தைச் சேர்ந்த மருந்துகளுக்கு இரையானவர்கள். மார்பியாவும் ஹெராயினும் இந்த வர்க்கமே. மார்பியாவைப் போல் சுமார் 100 மடங்கு வீரியமுள்ள பென்டனிலும் இந்த வர்க்கமே. இவை அளவு மீறினால் மனிதன் துடிதுடித்துச் சாவதில்லை, தூங்குகிறான், தூக்கத்திலேயே மூளை சுவாசத்தை மறந்து விடுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. பிராணவாயு இல்லாமல் நாலைந்து நிமிஷங்கள் சென்றால் மூளை கெட ஆரம்பிக்கிறது.

இந்த மரணத்துக்கு மாற்று மருந்து உண்டு. அதன் பெயர் நலாக்ஸோன். 1961-ல் அதற்கு விசேஷ உரிமை கோரப்பட்டது. 1971-ல் அமெரிக்க சர்க்கார் அதை வைத்திய உபயோகத்துக்கு அனுமதித்தது. மூளையில் அபினிச் சத்து போய் உட்காரும் ஸ்தானத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்து கொள்வதே இந்த மருந்தின் வேலை. மூக்கில் பீச்சினாலும் தசையில் ஊசியாகப் போட்டாலும் இரண்டு மூன்று நிமிஷங்களில், நின்ற மூச்சு திரும்புகிறது. அபினி உட்கொள்ளாத ஒருவனுக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் அநேகமாக யாதொரு கெடுதலும் இல்லை. பெருத்த விலையும் இல்லை. அல்லது, இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கம்பெனி இதைத் தானாகப் பாயும் ஊசியாக்கி, 2014-ல் இரண்டுக்கு 690 டாலராக இருந்த விலையை இரண்டே வருஷங்களில் 4,500 டாலராக உயர்த்தியது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நம்மவர் சொல்லுவார்கள்.

இத்தகைய மருந்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வண்டியில் வரும் உத்தியோகஸ்தன், மூச்சு நின்று கிடக்கும் ஒருவனுக்கு அதைக் கொடாமற் போனால் என்ன? மருந்தைப் பெட்டியில் வைக்கவே மறுக்கும் அதிகாரியை என்ன செய்வது? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

இது கற்பனைக் கேள்வியல்ல. ஓஹையோ மாகாணத்தில் மிடில்டவுன் என்று ஒரு நகரம். ஜனத்தொகை சுமார் 50,000. 2017-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அதன் நகரசபை அங்கத்தினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். போதை அளவு மீறி மயங்கியவனை முதல் முறையும் இரண்டாம் முறையும் பிழைக்க வைப்பது. அதற்கான செலவுக்கு ஈடாக அவன் ஊருக்கு ஊழியம் செய்து கழிப்பது. அப்படிக் கழிக்காதவன் மூன்றாம் முறை மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வண்டியே அனுப்பாமலிருப்பது. நகரசபைப் பணம் கரைகிறதாம். அந்த யோசனை அமுலுக்கு வரவில்லை. ஆனால் ஒரு பொதுஜனப் பிரதிநிதி சபையில் உட்கார்ந்து அதைச் சொல்ல முடிந்தது. கேட்டவர்களில் தலையசைத்தவர்களும் இருந்தார்கள்.

அந்த நகரம் அடங்கிய பட்லர் கவுண்டியின் ஷெரீபோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். தம்முடைய ஆட்கள் இந்த மருந்தை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று அதே வருஷம் பகிரங்கமாகத் தெரிவித்தார். பிழைத்தெழுந்தவன் தம் ஆட்களைத் தாக்குவான் என்பது அவர் சொன்ன காரணம். மஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் குவின்ஸி நகரப் போலீஸார் 2010 முதலே ரோந்து போகும் ஒவ்வொருவரும் இதை வைத்திருக்க வேண்டுமென்று விதி செய்துகொண்டு அதன்படி நடந்து வந்தவர்கள். குவின்ஸிப் போலீஸாருக்கு உடம்பு இரும்பினால் செய்ததல்லவே! பென்டனிலைத் தொட்டாலே மயக்கம் வரும் என்ற பீதியும் போலீஸாரிடையே பரவியிருந்தது. விஷ வைத்திய நிபுணர்களின் இரண்டு சங்கங்கள் 2017-லேயே இதை ஆராய்ந்து, அவ்விதம் நேரக்கூடிய அபாயம் மிகமிகச் சொற்பம் என்று அறிக்கை வெளியிட்டன. பயத்துக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது, வெறுப்புக்குத்தான் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன செய்தது? அங்கேதான் விசித்திரம். அமெரிக்க மாகாணங்கள் சும்மாயிருக்கவில்லை. 2001-ல் நியூ மெக்ஸிகோ மாகாணம், நல்லெண்ணத்தோடு நலாக்ஸோன் கொடுத்தவர் மேல் வழக்குத் தொடரக்கூடாதென்று சட்டம் செய்தது. போதையால் மயங்கியவனுக்காக உதவி கோரி டெலிபோன் செய்தவனை, வஸ்து வைத்திருந்த சிறு குற்றத்துக்காகப் பிடிக்கக்கூடாதென்று 2007-ல் அதே மாகாணம் விதித்தது. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. நல்ல சட்டங்களே, நாம் குறை கூறவில்லை. பக்கத்து வீட்டுக்காரனும் தாயும் சிநேகிதனும் பயமின்றி உதவ வேண்டுமானால் இவை அவசியம்.

ஆனால் இந்தச் சட்டங்களின் வாசகத்தைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை ‘கொடுக்கலாம்’ என்கின்றன. ‘கொடுக்க வேண்டும்’ என்று சொல்வது அபூர்வம். கொடுத்தவனுக்குக் கவசம் உண்டு. கொடாதவனைக் கேட்பாரில்லை. அதோடு ஆம்புலன்ஸ் சிப்பந்திகளுக்குப் பல மாகாணங்கள் வேறொரு கவசமும் அளித்திருக்கின்றன: மிகக் கொடிய அஜாக்கிரதை அல்லது வேண்டுமென்றே செய்த தீங்கு என்று ரூபித்தாலொழிய அவர்கள் மேல் நஷ்டஈட்டு வழக்கு நில்லாது. சாதாரணக் கவனக்குறைவு போதாது. மூச்சு நின்று செத்தவனுடைய தாயார் இந்தப் பாரத்தைச் சுமந்து கோர்ட்டு ஏற வேண்டும். சாட்சி யார்? வண்டியில் வந்தவர்கள் இருவர், அவர்களே பிரதிவாதிகள்.

அரசியல் சட்டத்தின் துணையைத் தேடலாமே என்றால், அதுவும் கிட்டவில்லை. 1984-ம் வருஷம் விஸ்கான்ஸின் மாகாணத்து ரஸீன் நகரில் ஒரு ஸ்திரீக்கு மூச்சுத் திணறல் கண்டது. சிநேகிதர் ஒருவர் ஆம்புலன்ஸ் கேட்டு நகரத்துத் தீயணைக்கும் இலாகாவுக்கு டெலிபோன் செய்தார். டெலிபோனில் உட்கார்ந்திருந்த சிப்பந்தி, காகிதப் பையைப் பிடித்துக்கொண்டு அதற்குள் மூச்சு விடும்படி யோசனை சொன்னானேயன்றி வண்டி அனுப்பவில்லை. மறுபடி டெலிபோன் செய்தபோதும் அதே பதில். அந்த ஸ்திரீ சுவாசம் தடைப்பட்டு மாண்டாள். வழக்கு 1988-ல் ஏழாவது வட்டார அப்பீல் கோர்ட்டு நீதிபதிகள் அனைவரும் அமர்ந்த பெஞ்சுக்கு வந்தது. நகரத்தார் உயிரைக் காப்பாற்றும் ஊழியம் செய்தே தீர வேண்டுமென்று எந்தப் பிரஜைக்கும் அரசியல் சட்டம் உரிமை வழங்கவில்லை என்று கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த வருஷமே ஸுப்ரீம் கோர்ட்டும், டிஷேனி எதிர் வின்னபாகோ கவுண்டி என்ற வழக்கில், இதே தத்துவத்தை ஆறு பேருக்கு மூன்று பேர் என்ற கணக்கில் ஸ்தாபித்தது. அது தகப்பனால் அடிபட்டு மூளை சிதைந்த ஒரு நாலு வயதுக் குழந்தையின் வழக்கு. அபாயம் இருப்பது சர்க்கார் சிப்பந்திகளுக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் குழந்தையை மீட்கவில்லை. சர்க்கார் தானே தீங்கு செய்தால்தான் குற்றம், பிறர் செய்யும் தீங்கைத் தடுக்காமலிருந்தால் குற்றமில்லை என்பதே பெரும்பான்மையோரின் அபிப்பிராயம்.

வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பாகுபாட்டை நன்கு அறிவார்கள். செய்ததற்குப் பொறுப்பு, செய்யாததற்குப் பொறுப்பில்லை. குளத்தில் மூழ்குகிறவனைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கும் வழிப்போக்கனைச் சட்டம் தண்டிப்பதில்லை என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய பாடம். அந்தப் பாடம் வழிப்போக்கனுக்கு ஏற்றதாயிருக்கலாம். மூழ்குகிறவனை எடுப்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கி, கயிற்றையும் மிதவையையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனும் வழிப்போக்கன்தானா? அவன் வந்துவிட்டான் என்ற நம்பிக்கையிலல்லவா மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள்? இன்னொருவர் கொடுத்திருக்கக்கூடிய உதவியையும் அவன் வருகை தடுத்து விடுகிறதே. அது செய்யாமையா, செய்கையா?

செய்கைக்கு அங்கே தண்டனை உண்டென்பதும் ஸ்பஷ்டமாகி விட்டது. 2019-ம் வருஷம் கொலொராடோ மாகாணத்து அரோரா நகரில், போலீஸார் பிடித்துக் கீழே அழுத்தி வைத்திருந்த 23 வயது வாலிபன் ஒருவனுக்கு ஆம்புலன்ஸ் வைத்திய உதவியாளர்கள் 500 மில்லிகிராம் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார்கள். அவன் உடல் எடைக்கு அது மிகுதியான அளவு. சில தினங்களில் அவன் இறந்தான். 2023 டிஸம்பரில் ஜூரிகள் உதவியாளர் இருவரையும் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று கண்டார்கள். அந்தத் தேசத்து ஆம்புலன்ஸ் உலகமே அதிர்ந்தது. இதிலிருந்து அவர்கள் கற்கக்கூடிய பாடம் என்ன? மருந்தைக் கொடுத்தால் சிறை காத்திருக்கலாம், கொடாவிட்டால் ஒன்றுமில்லை. இப்படி ஒரு பாடத்தைச் சட்டம் கற்பித்தால், சந்தேகம் தோன்றிய வேளையில் கை எந்தப் பக்கம் சாயும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

டிஷேனித் தீர்ப்பு வெளியான அதே 1989-ம் வருஷத்தில் நமது தேசத்து ஸுப்ரீம் கோர்ட்டு இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது இங்கே குறிப்பிடத் தக்கது. மோட்டார் மோதி விழுந்த ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை, போலீஸ் சம்பந்தமான கேஸ்களை எடுத்துக்கொள்ள அதிகாரம் பெற்ற வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்படி திருப்பி அனுப்பியதால் அவர் வழியிலேயே இறந்தார். பர்மானந்த் கடாரா என்பவர் தொடர்ந்த வழக்கில், நோயாளி நிரபராதியோ குற்றவாளியோ, உயிரைக் காப்பது ஒவ்வொரு வைத்தியரின் கடமை என்று கோர்ட்டார் சொன்னார்கள். 1996-ல், ரயிலிலிருந்து விழுந்தவரைக் கல்கத்தாவில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கையில்லை என்று திருப்பியது அவருடைய உயிர் உரிமைக்கு விரோதம் என்று கூறி 25,000 ரூபாய் நஷ்டஈடும் விதித்தார்கள். ஏட்டில் எழுதியது எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் நடக்கிறதென்று நாம் பெருமை பேச வரவில்லை. ஆனால் ‘குற்றவாளியோ நிரபராதியோ’ என்ற அந்தத் தத்துவத்தை ஓஹையோவின் நகரசபை அங்கத்தினர் ஒரு முறை சிந்தித்திருக்கலாம்.

இனி எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். ஆம்புலன்ஸ் சிப்பந்திகளின் வாழ்வு சுகமானதல்ல. காலையில் பிழைக்க வைத்த அதே ஆளை மாலையில் வேறொரு தெருவில் மறுபடி பிழைக்க வைக்கிறார்கள். எழுந்தவன் நன்றி சொல்வதில்லை, ‘என் போதையைக் கெடுத்தாய்’ என்று வைகிறான். சம்பளம் அற்பம், தூக்கமில்லை. அவர்கள் மனம் கசந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

வைத்திய ரீதியாகவும் ஒரு நியாயம் உண்டு. அது இன்னும் முக்கியமானது. நலாக்ஸோன் கொடுத்தானா இல்லையா என்பது மாத்திரம் கடமையின் அளவுகோல் ஆகாது. மூச்சு நின்றவனுக்கு முதலில் வேண்டியது மூச்சு. கெட்டிக்கார உதவியாளன் முகமூடியும் பையும் கொண்டு காற்றை ஊட்டிக்கொண்டே மருந்தைத் தயார் செய்கிறான். அந்த ஒரு நிமிஷத் தாமதம் குற்றமல்ல, சாமர்த்தியம். மருந்தை அளவுக்கு மேல் கொட்டினாலோ வாந்தியும் நடுக்கமும் வெறியும் உண்டாகின்றன. நியூயார்க் மாகாணப் போலீஸார் 2022 முதல் 2023 வரை சில படைகளுக்கு 4 மில்லிகிராம் மருந்தும் சில படைகளுக்கு 8 மில்லிகிராம் மருந்தும் கொடுத்துக் கணக்கு வைத்துப் பார்த்தார்கள். பிழைத்தவர் தொகையில் வித்தியாசமில்லை. இரு தரப்பிலும் 100-க்குச் சுமார் 99 பேர். வாந்தி முதலிய உபத்திரவங்கள் மட்டும் பெரிய அளவு வாங்கியவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, மிருகங்களுக்குக் கொடுக்கும் ஸைலஸீன் என்ற மயக்க மருந்தைப் பென்டனிலில் கலந்து விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். நலாக்ஸோன் அதன்மேல் செல்லாது. மூச்சுத் திரும்பியும் ஆள் கண் விழிப்பதில்லை. விழிக்கும் வரை மருந்தைப் பீச்சிக்கொண்டேயிருப்பவன் கடமையைச் செய்தவனாகான்.

ஆகையால், மருந்து கொடாத ஒவ்வொருவனையும் கூண்டில் ஏற்று என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் சிப்பந்திகள் ரிக்கார்டுகளை மறைப்பார்கள். மறைத்த ரிக்கார்டு அடுத்த நோயாளிக்கு எமன். நியூயார்க்கில் 8 மில்லிகிராம் வீண் என்று கண்டுபிடித்தது எப்படி? ஒவ்வொரு முறையும் கொடுத்ததை உள்ளபடி எழுதி வைத்ததனால்தானே.

நாம் கேட்பது வேறு. சம்பளம் வாங்கும் சிப்பந்தி விஷயத்தில் ‘கொடுக்கலாம்’ என்பது ‘சுவாசத்தை மீட்க வேண்டும்’ என்று மாறட்டும். அக்கம்பக்கத்தாருக்கு அளித்த கவசம் அப்படியே இருக்கட்டும். கூலி வாங்காதவனுக்கும் கூலி வாங்கினவனுக்கும் ஒரே கவசம் எதற்கு? வண்டி போய்ச் சேர்ந்த நேரம், கண்டபோது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, காற்று ஊட்ட ஆரம்பித்த நேரம், மருந்தின் அளவு, கொடாவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்ற காரணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைத்து, வண்டிகளுக்கு மேற்பார்வையாளரான வைத்தியர் பரிசீலிக்க வேண்டும். மரணம் நேர்ந்த கேஸ்களில் இறந்தவனின் குடும்பத்தார் கேட்டால் அந்தக் காகிதம் அவர்கள் கைக்கு வர வேண்டும். காரணம் வைத்திய சம்பந்தமானதாயிருந்து பிசகிப் போயிருந்தால் அது பயிற்சிக்குரிய விஷயம். ‘இவன் போதைக்காரன், மூன்றாம் முறை’ என்பதே காரணமானால் லைஸென்ஸு போக வேண்டும். அதனால் உயிர் போயிருந்தால் கிரிமினல் கோர்ட்டு விசாரிக்க வேண்டும். தவறாக மருந்தளித்தவனை விசாரித்த ஜூரிகளுக்கு, வெறுப்பினால் மருந்தை மறுத்தவனை விசாரிக்கவும் தெரியும்.

மேலேயிருப்பவர்களின் ஜவாப்தாரியையும் மறப்பதற்கில்லை. 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்கக் கிராமப்புறங்களில் அபினி வர்க்க மருந்துகளால் நேரும் மரண விகிதம் பட்டணங்களைவிட 45 சதவிகிதம் அதிகமென்றும், ஆம்புலன்ஸ் சிப்பந்திகள் நலாக்ஸோன் கொடுத்த விகிதமோ 22.5 சதவிகிதமே அதிகமென்றும் கண்டார்கள். ஏன் இந்த இடைவெளி? கிராமத்து வண்டிகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் கீழ்ப்படிப் பயிற்சி பெற்ற சிப்பந்திகள். உயர்தர உதவியாளருக்கு மட்டுமே மருந்தைக் கையாள உத்தரவு என்று அநேக மாகாணங்களில் அப்போது விதியிருந்தது. பிற்பாடு விதிகள் தளர்ந்தன. அதற்குள் மாண்டவர்கள் விஷயத்தில் வண்டிக்காரனை என்ன கேட்பது? விதி எழுதியவர்களையல்லவா கேட்க வேண்டும்! அதே போல் மருந்தைத் தம் ஆட்கள் தொடக்கூடாதென்று சொல்லும் ஷெரீபும், அவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சாதாரண சேவகனும் ஒரே தராசில் நிற்பவர்கள் அல்லர்.

மிடில்டவுன் யோசனையைச் செலவைக் காட்டி ஆதரித்தவர்கள் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மருந்தைக் கடைக்குக் கொண்டு வந்து, அதனால் பழக்கம் பற்றுவது குறைவென்று வைத்தியர்களை நம்பச் செய்த பர்டியூ கம்பெனியாரைச் சேர்ந்த ஸ்தாபனம் 2007-லும், பர்டியூ கம்பெனி 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. அபராதம் கட்டி வியாபாரத்தைத் தொடர, முதல் முறைக்குப் பிறகு இரண்டாம் முறை அவர்களுக்கு வாய்த்தது. அவர்கள் மாத்திரையில் ஆரம்பித்து ஹெராயினில் போய் விழுந்தவனுக்குத்தான் மூன்றாம் முறை கிடையாதாம்.

2023 மார்ச்சில் அமெரிக்க சர்க்கார், நலாக்ஸோன் மூக்கு மருந்தை வைத்தியர் சீட்டின்றி யாரும் வாங்கலாமென்று அனுமதித்தது. அந்த வருஷம் செப்டம்பர் முதல் இரண்டு புட்டிகள் 44 டாலர் 99 சென்டு விலையில் மருந்துக் கடைகளில் கிடைத்தன. பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் புஸ்தகசாலைச் சிப்பந்திகளும் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டபோது கொடுத்து உயிரை மீட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அதற்காகச் சம்பளம் வாங்கியவர் அல்லர். விழுந்து கிடந்தவனுக்கு இது எத்தனையாவது முறை என்று கேட்டவரும் அல்லர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்ற நிலை, கடைத்தெருவரையில் வந்துவிட்ட மருந்து விஷயத்தில் ஆம்புலன்ஸ் வண்டியில் மட்டும் நீடிப்பதற்கு, ‘கொடுக்கலாம்’ என்று எழுதிய சட்டசபைகளே பதில் சொல்ல வேண்டும்.